பிஸ்தா கலர்

சண்முகவடிவு ரவிக்கைத் தோளுக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வேலை முடிந்து வீடு திரும்பியதும் அவளுக்கு முதல் வேலை இதுதான். பையைக் கதவுக் கொக்கியில் மாட்டுவாள், உடுப்பை மாற்றுவாள், எங்கள் மாடி நடையின் கோடியில் வாளியை வைத்துக் குந்திவிடுவாள். கையில் நீலத் துணி சோப்பு, தேய்ந்துபோன ப்ரஷ். டீ, தண்ணீர், புருஷன் சாப்பிட்டாரா என்ற விசாரணை எல்லாம் அதற்கு அப்புறம்தான். அவள் எந்தத் தோளைத் தேய்க்கிறாள் என்று பார்த்தால் அன்றைய பஸ் பயணம் தெரிந்துவிடும். வலது தோள் என்றால் பெண்களுக்கான சீட்டில் ஓரத்து இடம் கிடைத்திருக்கிறது. இடது தோள் என்றால் எதிர்ப்பக்கத்துப் பொது சீட். இரண்டையும் தேய்த்தால் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். அன்றைக்கு அவளிடம் ஒரு கரண்டி சர்க்கரை கேட்கக்கூட யாரும் போகமாட்டோம்.

“அழுக்கு போயிரும். போறதுக்குத்தான சோப்பு இருக்கு,” என்பாள். “ஆனா எவனோ சாஞ்சதுக்கு நான் ஏன் தெனமும் தேய்க்கணும்? அவன் வீட்டுக்காரி வந்து தேய்க்கட்டும்.”

தாராவியில் குடிசைகளை இடித்துக் கட்டிய ஏழு மாடிக் கட்டடத்தில் நாங்கள் நாலாவது மாடிக்காரர்கள். பகல் முழுக்க எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கும், வாசலில் ஒரு திரைச்சீலை மட்டும் ஆடும். ஆகவே ஒரு வீட்டுச் சண்டை நடை முழுக்கக் கேட்கும். வடிவு வீட்டில் சண்டை கேட்பது அபூர்வம். அவளுடைய சண்டையெல்லாம் சயானுக்கும் செம்பூருக்கும் நடுவில் பஸ்ஸிலேயே முடிந்துவிடும்.

செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் வார்டு வேலை. படுக்கை மாற்றுவது, நோயாளியைப் புரட்டிப் போடுவது, மலஜலப் பாத்திரம் வைப்பது, எடுப்பது. டாக்டரிலிருந்து லிஃப்ட்காரர் வரை அங்கே எல்லாருக்கும் அவள் ‘மௌசி’. அந்த வேலை செய்கிற எல்லாப் பெண்களுக்கும் இந்த ஊரில் அதுதான் பெயர். தாயோடு பிறந்தவள் என்று அர்த்தம். வீட்டில் புருஷன் ஆறுமுகநயினார் அவளை ‘வடிவு’ என்பார், மகள் ‘மம்மி’ என்பாள். வெளியே தெருவில் யாரும் எந்த உறவும் சொல்லிக் கூப்பிட அவள் விடுவதில்லை. அவளும் கூப்பிடுவதில்லை.

எதிர்வீட்டு பாகீரதி ஒருநாள் யோசனை சொன்னாள்: “பையான்னு ஒரு வார்த்த சொல்லிப் பாருங்களேன் மைனி. அண்ணேங்கவும் அவனுக்கே கூச்சமாப் போயிரும், கைய எடுத்துருவான்.”

வடிவு ப்ரஷைக் கீழே வைத்தாள். “ஆஸ்பத்திரியில என்னைய மௌசிங்காவ. சரி, அதுக்குச் சம்பளம் தாராவ. ரோட்டுல நான் எவனுக்கு அக்கா, எவனுக்குத் தங்கச்சி? அண்ணன்னு சொன்னாத்தான் கைய எடுப்பான்னா, எடுக்காதவனுக்கெல்லாம் நான் சொல்லலன்னு ஆயிரும்லா? தப்பு எம்மேலல்லா வந்து நிக்கும்?”

பாகீரதி அதற்கப்புறம் யோசனை சொல்வதை விட்டுவிட்டாள்.

ஊக்கு வைத்துக் குத்துவதும் வடிவுக்குப் பிடிக்காது. கட்டடத்தில் பாதிப் பெண்கள் ரவிக்கை ஓரத்தில் இரண்டு ஊக்கு கூடுதலாகக் குத்திக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். “குத்துனா அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பஸ்ஸுல மத்தவனுக்கு யாருக்குத் தெரியும்? அவன் பாட்டுக்கு ஸ்ஸுன்னுட்டு அந்தப் பக்கம் நிக்கிற பிள்ளைகிட்ட போயிருவான்.” அவளுக்கு வேண்டியது சத்தம். பஸ் முழுக்கத் தெரியவேண்டும், அதுவும் ஆள் யாரென்று தெரியவேண்டும். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி சட்டையின் கலர்.

“‘ஏய்’னு கத்துனா பத்து பேரு திரும்புதான். ‘பையா’ன்னா பஸ்ஸே திரும்புது. கலரைச் சொன்னா ஒருத்தனுக்குத்தான் குத்தும். அவன் திரும்ப மாட்டான், சன்னல் வழியா வெளிய பாப்பான். அப்படிப் பாக்குதவன்தான் ஆளு.”

வெறும் பச்சை, வெறும் நீலம் என்று சொல்ல அவளுக்கு மனசு ஒப்பாது. தீபாவளிக்கு முன்னால் மாட்டுங்காவில் சேலைக்கடை சேலைக்கடையாக ஏறி இறங்கி, எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லி, கடைசியில் தாராவியிலேயே வாங்குகிறவள் அவள். சேலைக்கடைக் கலர்கள்தான் அவளுக்குக் கலர்கள். ராணி கலர், ராமர் பச்சை, மெஹந்தி, வெங்காயக் கலர், பிஸ்தா. “ஏ ராணி கலர், ஹாத் அப்னே பாஸ் ரக்!” என்று அவள் குரல் எழும்பும்போது, தன் கையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவேண்டியவன் யாரென்று ஆண்கள் குனிந்து தங்கள் சட்டையைத் தாங்களே பார்த்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். தான் போட்டிருப்பது ராணி கலரா இல்லையா என்று அவர்களுக்கு நிச்சயம் இல்லை.

ஒருமுறை சயான் நிறுத்தத்தில் கூட்டத்தோடு ஏறி, பின்னாலிருந்து ஒருவன் அளவுக்கு மீறி ஒட்டியதும், “ஏ ஆனியன் கலர்! சீதா கடா ரஹ்!” என்று கத்தியிருக்கிறாள். நேராக நிற்கச் சொன்னதை விட்டுவிட்டு அவன் கலருக்குச் சண்டைக்கு வந்தான். “ஆனியன் நஹீ ஹை யே, பீச் ஹை!” என்று சட்டைக் காலரைத் தூக்கிக் காட்டினான். வெங்காயம் இல்லையாம், பீச் பழமாம். அதுவரை அவள் யாரைச் சொல்கிறாள் என்று பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது. “நான் கைகாட்ட வேண்டிய தேவையே இல்லாமப் போச்சு. மாப்பிள்ளையே எந்திரிச்சு நின்னுட்டான்,” என்று சொல்லிச் சொல்லி அன்றைக்குச் சிரித்தாள். அன்றைக்கும் தோளைத் தேய்த்தாள்.

எல்லாரிடமும் அவள் கத்துகிறவள் என்று நினைத்துவிடக்கூடாது. சில பேருக்கு அவள் முகமே போதும். பஸ்ஸில் அவள் முகம் ஷட்டர் இறக்கிய கடை மாதிரி இருக்கும். கையில் ஃபோனை வைத்துக்கொண்டே “மேடம், டைம் க்யா ஹுவா?” என்று பேச்சைத் தொடங்குகிறவனுக்கு அவள் அவன் ஃபோனைக் காட்டுவாள், அவ்வளவுதான். தமிழில் பேசிக்கொண்டு வருகிறவர்களின் தொல்லை வேறு மாதிரி. பக்கத்து சீட்டுப் பெரியவர் சாப்பாட்டு டப்பாவின் வாசனையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம பக்கமா? எந்த ஊரு?” என்று ஆரம்பிப்பார்.

“சயான்.”

“அதில்லம்மா, சொந்த ஊரு?”

“சயான் ஆஸ்பத்திரி. அங்கனதான் பொறந்தேன்.”

ஊர் கேட்டு, தெரு கேட்டு, தெருவை வைத்து ஆளைப் பிடிக்கிற அந்தக் கேள்வி வரிசை அதோடு நின்றுவிடும். பெரியவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவளுடைய கோபத்தில் பாதி தொட்டவன் மேல். மீதிப் பாதி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல். அவள் கத்தியதும் யாராவது ஒரு நல்ல மனிதர் கட்டாயம் “ஜானே தோ ஆன்ட்டி, பீட் ஹை,” என்பார். போகட்டும் விடுங்கள், கூட்டம். அந்த நல்ல மனிதர்தான் அவளைக் கொதிக்க வைப்பவர். “கூட்டம் எனக்கும்தான கூட்டம்? பஸ்ஸு எனக்கு மட்டும் காலியாவா ஓடுது? நான் எவம்மேலயாவது சாஞ்சேனா? எங்கையி எங்க கெடக்கு, பாரு!” என்று இந்தியில் தொடங்கித் தமிழில் முடிப்பாள். கண்டக்டர் மணியை அடிப்பார். டிக்கெட் எடுக்காதவர்களை எடுக்கச் சொல்வார். ஒரு பெண் கத்திய இடத்தில் டிக்கெட் கேட்கத் தோன்றுவது எப்படி என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

மகள் மாரிசெல்வி ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சயானில் ரயில் ஏறி, தாணாவில் மாறிப் போகிறாள். வீட்டை விட்டு இறங்கும்போதே காதில் பெரிய ஹெட்ஃபோன் ஏறிவிடும். என்ன பாட்டு ஓடுகிறது என்று ஒருநாள் கேட்டேன். ஒன்றும் ஓடவில்லை என்றாள். காதில் ஏதாவது இருந்தால் பேச வருகிறவர்கள் குறைவாம், வந்தாலும் கேட்காத மாதிரி இருந்துவிடலாமாம். இருபத்துமூன்று வயதுப் பெண் காலையும் மாலையும் செவிடாக நடித்துக்கொண்டு போய் வருகிறாள்.

“நீயும் கலரைச் சொல்லி ஒரு சத்தம் போடேன்ட்டி,” என்று வடிவு அவளிடம் சொல்லிப் பார்த்தாள்.

“மம்மி, ப்ளீஸ். என் ஆபீஸ் ஜனங்க எல்லாம் அதே டிரெய்ன்ல வராங்க. நான் ஸீன் க்ரியேட் பண்ண மாட்டேன்.”

“ஸீனை அவன்லா பண்ணுதான்! நான் டிக்கெட்டா விக்கேன்?”

மாரிசெல்வி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

இந்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலை. சயானில் ஏறும்போதே பஸ் நிறைந்திருந்தது. வடிவு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்சிங் ஹோம் கொடுத்த ஊதாக் கரை போட்ட சேலை. இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல், கூட வேலை பார்க்கிற மராத்திக்காரி ஏதோ பண்டிகைக்குப் போட்டுவிட்டது. பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவனுடைய கை, பஸ் குலுங்கும்போது அவள் இடுப்பில் பட்டது. வண்டி குலுங்கினால் யார் கையும் படும், அதை அவள் கணக்கில் வைப்பதில்லை. அப்புறம் சிக்னலில் பஸ் நின்றது. நின்ற பஸ்ஸிலும் கை குலுங்கியது.

அவள் திரும்பிப் பார்த்துக் கலரை உறுதி செய்துகொண்டாள். “ஏ பிஸ்தா கலர்! ஹாத் நீச்சே!”

கையைக் கீழே இறக்கச் சொன்ன சத்தத்துக்கு பஸ் முழுக்கத் திரும்பியது. பிஸ்தா கலர் சன்னல் வழியே வெளியே பார்த்தான். பிறகு கூட நின்றவனிடம், சிரித்துக்கொண்டு, நல்ல தமிழில் சொன்னான்: “கெழவிக்கு நெனப்பப் பாருடே. இவள எவன் தொடுவான்?”

வளையலையும் சேலையையும் பம்பாய் இந்தியையும் பார்த்து அவளை மராத்திக்காரி என்று முடிவு செய்திருக்கிறான். இந்த ஊரில் நம் ஆட்கள் அடிக்கடி செய்கிற தப்பு இது. நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு தமிழை ஒரு பூட்டிய அறை மாதிரி நினைத்துக்கொள்வது.

“தொட்டவன் நீதாம்லே,” என்றாள் வடிவு. “வேற எவன்னு யார்ட்டக் கேக்க?”

அவன் முகம் மாறியதை அவள் எனக்குச் செய்துகாட்டியிருக்கிறாள். முதலில் வாய் திறந்ததாம். அப்புறம் கை தானாகக் கும்பிட்டதாம். “அக்கா... தமிழாக்கா நீங்க? தெரியாமப் போச்சுக்கா. தமிழ்னு தெரிஞ்சிருந்தா...”

“தெரிஞ்சிருந்தா?”

கும்பிட்ட கையை அவன் இறக்கவில்லை.

“தெரிஞ்சிருந்தா கைய மடக்கி வச்சிருப்பியோ? அப்ப மராட்டிக்காரின்னா தொடலாமோ? குஜராத்திக்காரின்னா? ஏலே, ஒங்கைக்குப் பாஷ தெரியுமால?”

அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். அவள் நர்சிங் ஹோமுக்குப் போய் வேலையைப் பார்த்தாள்.

பஸ்ஸில் யாரோ ஒரு கல்லூரிப் பெண் இதையெல்லாம் ஃபோனில் எடுத்திருக்கிறாள். முதலில் அவள் இந்தியில் கத்திய வீடியோத் துண்டு மட்டும் சுற்றியது, சிரிக்கிற பொம்மைகளோடு. மாடிப்படியில் பிள்ளைகள் “பிஸ்தா ஆன்ட்டி” என்று கூப்பிட்டுவிட்டு ஓடினார்கள். அவள் அதற்குக் கோபப்படவில்லை. “பிஸ்தா கிலோ என்ன வெலன்னு ஒங்கம்மைட்டக் கேளுங்கலே!” என்று கத்தினாள். அப்புறம் தமிழ்த் துண்டும் வெளியே வந்தது. அது தமிழ் வாட்ஸப் குழுக்களில் தாராவி, மான்குர்த், கல்யாண் என்று போய்ச் சேர்ந்தது. மாரிசெல்வி ஆபீஸில் ஃபோனைக் கவிழ்த்தே வைத்திருந்தாளாம்.

ஒரு சாயங்காலம் நயினார் பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். தோல் பை செய்கிற பட்டறையில் அவர் வெட்டுக்காரர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் போடுகிற வெட்டு கோட்டை விட்டு விலகுகிறது. வேறு முதலாளியாக இருந்தால் அனுப்பியிருப்பார். பட்டறை முதலாளி வானமாமலை அண்ணாச்சி அவரை அனுப்பவில்லை, கைப்பிடி வார் வெட்டுகிற லேசான வேலைக்கு மாற்றி வைத்துக்கொண்டார். அது பெரிய உதவி. நயினாரின் வயசுக்கும் கண்ணுக்கும் தாராவியில் இன்னொரு பட்டறைக் கதவு திறக்காது. வடிவுக்கும் அது தெரியும்.

“ஏளா,” என்றார் நயினார், செருப்பைக்கூடக் கழற்றாமல். “அது அண்ணாச்சி மச்சினன்.”

“எது?”

“பஸ்ஸுல நீ ஏசுனது. சுடலைக்கண்ணன்னு பேரு. அண்ணாச்சி வீட்டம்மாவோட தம்பி.”

“சட்டையில எழுதி ஒட்டிக்கிட்டா வந்தான்?”

சுடலைக்கண்ணனுக்குக் கல்யாணில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, இது உங்கள் பையன்தானா என்று கேட்டிருக்கிறார்கள். படத்தில் அவன் முகம் பாதிதான் தெரிகிறது, அதுவும் ஆடுகிறது. அவன் இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லவேண்டியவள் சொன்னால் நம்புவார்கள். அதற்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி மச்சினனைக் கூட்டிக்கொண்டு வடிவு வீட்டுக்கே வந்தார்.

வடிவு நடைக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். “நீங்களும் வந்து இருங்க. நாளைக்கு நான் கத்துனேன்னு சொல்லுவாவ. கத்தலன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்.” அவளுக்கு மத்தியான டியூட்டி. சேலை கட்டி, தலை வாரி, கிளம்புகிற கோலத்தில்தான் இருந்தாள். மாரிசெல்வி சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். போகச் சொன்னதே வடிவுதான் என்று பிறகு தெரிந்தது.

அண்ணாச்சி வாட்டசாட்டமான மனிதர். ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நயினார் கட்டில் ஓரத்தில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தார். சுடலைக்கண்ணன் வாசலிலேயே தலையைக் குனிந்து நின்றான். அன்றைக்கு வெள்ளைச் சட்டை. வடிவு தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“யம்மா வடிவு,” என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். குரலில் உண்மையாகவே கனிவு இருந்தது. “பய தப்பு பண்ணிட்டான். நான் இல்லன்னு சொல்லல. வீட்டுல வச்சு ரெண்டு அறையும் குடுத்தாச்சு.”

“சரி அண்ணாச்சி.”

“அவனும் அழுதுட்டான். தமிழ்க்காரவுகன்னு தெரிஞ்சிருந்தா பக்கத்துலயே போயிருக்க மாட்டேன் அத்தான்னு சொல்லுதான். பாத்தியா, அந்த மரியாத அவன்கிட்ட இருக்கு.”

ஒரு நற்சான்று மாதிரி அதை எடுத்து வைத்தார். எனக்குக் காது சுட்டது. வடிவு வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“ஏலே, மன்னிப்பு கேளுலே,” என்றார் அண்ணாச்சி.

சுடலைக்கண்ணன் இரண்டு எட்டு உள்ளே வந்தான். நேராக நயினாரிடம் போய் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “அண்ணே, மன்னிச்சிருங்க. தெரியாமப் பண்ணிட்டேன்.”

நயினாருக்குக் கையை உருவிக்கொள்வதா, தட்டிக்கொடுப்பதா என்று தெரியவில்லை. வைத்திருந்தார்.

“இடுப்பு என்னுது,” என்றாள் வடிவு. “மன்னிப்பு அவியளுக்கா?”

அவன் திரும்பினான். “ஸாரிக்கா.”

“அக்கா இல்ல. சண்முகவடிவு.”

அவன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி கண்ணால் காட்ட, வாசலுக்கே போய் நின்றுகொண்டான். அவள் பெயரை அவன் சொல்லவில்லை.

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். “இங்க பாரு தாயி. நீளமால்லாம் ஒண்ணும் வேண்டாம். ‘அன்னைக்குக் கூட்டத்துல ஆள் மாறிப்போச்சு. அது வேற ஆளு. இந்தத் தம்பி நல்ல பையன்.’ அம்புட்டுதான். ஒன் குரல்ல சொல்லிட்டா நான் கல்யாணுக்கு அனுப்பிருதேன். சோலி முடிஞ்சுது.”

“இப்பத்தான அண்ணாச்சி, பய தப்பு பண்ணிட்டான்னு சொன்னிய?”

“அது நமக்குள்ள. இது ஊருக்கு.”

“அந்தப் பிள்ளைக்கு?”

“எந்தப் பிள்ள?”

“கல்யாணுல இருக்குத பிள்ள. இவனைக் கெட்டப்போறவ. அவ நமக்குள்ளயா, ஊருலயா?”

அண்ணாச்சி அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தார். கனிவு மெல்லக் கரைவது முகத்தில் தெரிந்தது. “வயசுப் பய அங்கன இங்கன கைய வைக்கத்தான் செய்வான். கல்யாணம் ஆனா அடங்கிருவான். அதுக்குன்னு ஒரு பயலுக்கு வாழ்க்கையே இல்லாம ஆக்கணுமா? ஒனக்கும் ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு வடிவு.”

“இருக்கா. தெனமும் ரயில்ல போறா. அதான் சொல்ல முடியலங்கேன்.”

“கூட்டத்துல ஆள் மாறுறது சகஜந்தான?”

“எனக்கு மாறாது அண்ணாச்சி. மாறக்கூடாதுன்னுதான் கலரைப் பாத்துட்டு வாயத் தொறக்கேன். ஒரு தடவை மாறிப்போச்சுன்னு நானே சொல்லிட்டா, நாளைக்கு நான் கத்தும்போது எந்த பஸ்ஸுல எவன் நம்புவான்? அந்தா பிஸ்தா ஆன்ட்டிக்கு இன்னைக்கும் ஆள் மாறிப்போச்சும்பான்.”

அவள் சொன்னபடியே கத்தாமல்தான் பேசினாள். நர்சிங் ஹோமில் நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரல் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

அண்ணாச்சி அவளை விட்டுவிட்டு நயினார் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். “எய்யா நயினாரு, நீ ஒண்ணும் பேசக் காணும். கண்ணுல கட்டோட வந்து நின்னியே, அன்னைக்கு நான் ஏதாவது வாயத் தொறந்தேனா? ஒன் எடத்துல வேற பயலப் போடுன்னு பட்டறையில அத்தன பேரும் சொன்னான். போட்டேனா?”

“இல்லண்ணாச்சி.”

“நாளைக்குக் காலையில நீயும் நானும் முகத்தோட முகம் பாக்கணும்லா?”

நயினார் தலையாட்டினார். அந்த அறையில் யாருக்கும் அதை விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. நாளைக்குப் பட்டறைக்கு வா என்பதும் வராதே என்பதும் அந்த ஒரே வாக்கியத்தில் இருந்தது.

அண்ணாச்சி ஃபோனில் எதையோ அழுத்தி, குனிந்து, அதை வடிவு கையில் வைத்தார். “ஓடுது. பேசு தாயி,” என்றார் மெதுவாக.

சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. கீழே எண்கள் ஓடின. பாகீரதி வீட்டில் குக்கர் கத்தியது. நடையில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு போனார்கள். வடிவு ஃபோனைப் பார்த்தாள், நயினாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்சம் காத்திருந்தாள் என்றுதான் எனக்குப் பட்டது. அண்ணாச்சியின் வாயிலிருந்தோ என்னிடமிருந்தோ எதையும் அவள் எதிர்பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடமிருந்து ஒரு வார்த்தை. அது எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி என்கிற மாதிரி.

வரவில்லை. அவள் கையை ஊன்றி எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கட்டில் ஓரத்துக்குப் போய், நயினாரின் கையை எடுத்து விரித்து, ஓடிக்கொண்டிருந்த ஃபோனை உள்ளங்கையில் வைத்து, வார்டில் மாத்திரை கொடுத்துவிட்டுச் செய்வதுபோல விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

“இவிய சொல்லட்டும் அண்ணாச்சி. எம்பொண்டாட்டி பொய்க்காரின்னு இவிய குரல்ல சொல்லட்டும். அனுப்பிருங்க. நான் வந்து மறுக்க மாட்டேன்.”

“ஏளா வடிவு,” என்றார் நயினார். குரல் உடைந்து ஃபோனுக்குள் போனது. “நான் என்னத்தளா சொல்ல?”

வடிவு செருப்பை மாட்டினாள். திரைச்சீலையை ஒரு கையால் ஒதுக்கினாள். ஒரு ஆள் நுழைகிற அகலம்தான் அந்த வாசல். அதில் நின்றுகொண்டிருந்த சுடலைக்கண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து, சுவரோடு சுவராக ஒட்டினான். அவள் கடந்து போனபோது அவள் சேலை நுனிகூட அவன் மேல் படவில்லை.